விரிசலைத் தானே அடைக்கும் கான்கிரீட்: எங்கே போட்டால் பலன்?

கான்கிரீட் விரிசல் விடும். அளவாகத் தண்ணீர் சேர்த்து, வைப்ரேட்டர் போட்டு இறுக்கி, நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றி ஆற்றிய கான்கிரீட்டும் விடும். கம்பி போட்ட கான்கிரீட்டின் வடிவமைப்பே அந்தக் கணக்கில்தான் நடக்கிறது. இழுவிசையைத் தாங்குவது கம்பியின் வேலை. கம்பி இழுபடும்போது அதைச் சுற்றியுள்ள கான்கிரீட் கீறத்தான் செய்யும். அதனால் விதிநூல்கள் விரிசலே கூடாது என்று சொல்வதில்லை, எவ்வளவு அகலம் வரை போகலாம் என்றுதான் சொல்கின்றன. இந்தியாவின் ஐ.எஸ். 456 பொதுவாக 0.3 மி.மீ., எப்போதும் ஈரம்படும் அல்லது மண்ணைத் தொடும் பகுதிகளுக்கு 0.2 மி.மீ., கடுமையான சூழலுக்கு 0.1 மி.மீ. என்று வரம்பு வைத்திருக்கிறது.

இந்த மெல்லிய கீறல்களால் கட்டுமானம் உடனே விழுந்துவிடாது. ஆனால் அவற்றின் வழியே தண்ணீர் உள்ளே போகிறது, அதோடு உப்பும் கரியமில வாயுவும் போகின்றன. நல்ல கான்கிரீட்டின் உட்புறம் கடும் காரத்தன்மை கொண்டது, பிஎச் அளவு 12.5க்கு மேல். அந்தக் காரத்தில் கம்பியின் மேல் ஒரு மெல்லிய பாதுகாப்புப் படலம் உருவாகி, துருவைத் தடுத்து நிற்கும். உப்பில் இருக்கும் குளோரைடு அந்தப் படலத்தை உடைக்கும். கரியமில வாயு காரத்தன்மையையே குறைத்துவிடும். துரு என்பது அது தின்ற இரும்பைவிட 2 முதல் 6 மடங்கு வரை இடம் கேட்கும் பொருள். அந்த உப்பலில்தான் கான்கிரீட் பிளந்து பெயர்கிறது, கம்பி வெளியே பல்லிளிக்கிறது.

தன் விரிசலைத் தானே அடைத்துக்கொள்ளும் கான்கிரீட் பற்றிய செய்திகள் பல ஆண்டுகளாக வந்துகொண்டே இருக்கின்றன. பெரும்பாலும் தலைப்பு ஒரே மாதிரி இருக்கும்: பாக்டீரியா பாலங்களைக் குணப்படுத்தும், இனி மராமத்தே தேவைப்படாது. தொழில்நுட்பம் உண்மையானது, வேலை செய்கிறது. ஆனால் அந்தத் தலைப்புகள் அதன் வேலையைத் தவறாகச் சொல்கின்றன. இந்தக் கான்கிரீட்டின் வேலை தண்ணீரை நிறுத்துவது. இழந்த வலுவைத் திருப்பித் தருவது அல்ல. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் பொதுக் கட்டுமானத்தில் இதை எங்கே போட வேண்டும், எங்கே போட்டால் பணம் வீண் என்பது தெளிவாகிவிடும்.

சாதாரணக் கான்கிரீட்டுக்கே இந்தக் குணம் ஓரளவு உண்டு. ஒழுகிக்கொண்டிருந்த தொட்டிச் சுவர் சில வாரங்களில் தானாக நின்றுபோய், ஒழுகிய தடத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். அந்த வெள்ளைதான் கால்சியம் கார்பனேட். சிமெண்டிலிருந்து கரைந்து வரும் சுண்ணாம்பு, தண்ணீரில் கரைந்திருக்கும் கரியமில வாயுவோடு சேர்ந்து கல்லாகப் படிகிறது. அப்புறம், கலவையில் தண்ணீர் எட்டாமல் மிஞ்சிய சிமெண்ட் துகள்களும் விரிசல் வழியே ஈரம் வந்ததும் மறுபடி இறுக ஆரம்பிக்கும். பிரெஞ்சு அறிவியல் கழகம் 1836இலேயே இதைக் கவனித்துப் பதிவு செய்திருக்கிறது. கரோலா எட்வர்ட்சன் 1999இல் வெளியிட்ட ஆய்வு, விரிசலுக்குள் தண்ணீர் ஓட்டம் நிற்பதற்குப் பெரும்பாலும் இந்தக் கார்பனேட் படிவுதான் காரணம் என்று காட்டியது. இயல்பான இந்தக் குணம் சுமார் 0.2 மி.மீ. அகலம் வரைதான் நம்பத் தகுந்தது. அதற்கு மேல் போனால் சில இடத்தில் அடையும், சில இடத்தில் அடையாது. பொறியாளரால் அதை வைத்துக் கணக்குப் போட முடியாது.

ஆக, ஆய்வாளர்கள் செய்வதெல்லாம் ஏற்கெனவே இருக்கும் குணத்தை இன்னும் அகலமான விரிசலுக்கும், இன்னும் உறுதியாகவும் நீட்டுவதுதான். 1990களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கரோலின் டிரை, பசை நிரப்பிய கண்ணாடிக் குழாய்களைக் கான்கிரீட்டில் பதித்துப் பார்த்தார். விரிசல் வந்தால் குழாய் உடைந்து பசை ஒழுகி அடைக்கும் என்பது யோசனை. அழகான யோசனைதான், ஆனால் கலவை இயந்திரத்துக்குள் கண்ணாடிக் குழாய் எப்படிப் பிழைக்கும்? அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் எஸ்.கே. ராமச்சந்திரன், வி. ராமகிருஷ்ணன், சூக்கி பாங் ஆகியோர் 2001இல் நுண்ணுயிரிகளைக் கொண்டு கான்கிரீட் விரிசலைச் சரிசெய்வது பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். அது வெளியிலிருந்து விரிசலுக்குள் பாக்டீரியாவைச் செலுத்தும் முறை.

பாக்டீரியாவைக் கலவைக்குள்ளேயே போட்டு வைக்கலாமா என்ற கேள்வியை நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஹென்க் யோங்கர்ஸ் 2006 வாக்கில் கையில் எடுத்தார். அவர் கட்டுமானப் பொறியாளர் அல்ல, நுண்ணுயிரியல் படித்தவர். அவ்வளவு காரத்தில் எந்த உயிர் பிழைக்கும் என்ற கேள்விக்கு விடை, சோடா ஏரிகள் போன்ற காரமான இடங்களில் வாழப் பழகிய பேசில்லஸ் வகைகளில் கிடைத்தது. இவை சூழல் சரியில்லாதபோது வித்துகளாகச் சுருங்கி, உணவும் நீரும் இல்லாமல் பல ஆண்டுகள் உறங்கும். விரிசல் வழியே தண்ணீரும் காற்றும் வந்ததும் விழிக்கும். பக்கத்திலேயே சேர்த்து வைத்திருக்கும் கால்சியம் லாக்டேட்டைத் தின்று கால்சியம் கார்பனேட்டை வெளியிடும். இதில் ஒரு நுட்பம் உண்டு. தின்னும்போது வெளிவரும் கரியமில வாயுவும் வீணாகாமல், சிமெண்டில் இருக்கும் சுண்ணாம்போடு சேர்ந்து இன்னும் கொஞ்சம் கார்பனேட்டாகப் படிகிறது. போதாக்குறைக்கு இந்தப் பாக்டீரியா ஆக்சிஜனையும் இழுத்துக்கொள்கிறது. துருவுக்குத் தேவையான ஆக்சிஜன் கம்பிக்குக் கிடைப்பது குறைகிறது. 2011இல் வெளியான டெல்ஃப்ட் சோதனையில், 100 நாள் நீரில் வைத்த மாதிரிகளில் 0.46 மி.மீ. வரையிலான விரிசல் மூடியது. பாக்டீரியா இல்லாத மாதிரிகளில் 0.18 மி.மீ. வரைதான் மூடியது.

ஆய்வுக்கூடத்தில் கிடைத்த இந்த வெற்றியைக் கட்டுமானக் களத்துக்குக் கொண்டுவருவதில்தான் உண்மையான சிரமம் இருந்தது. வித்துகளை நேரடியாகக் கலவையில் போட்டால், சிமெண்ட் இறுக இறுக உள்ளே இருக்கும் துளைகள் சுருங்கி வித்துகளை நசுக்கிவிடும். சில மாதங்களில் பெரும்பாலானவை செத்துப்போகும். அதனால் சுட்ட களிமண் உருண்டைகளின் துளைகளில் வித்துகளையும் உணவையும் ஏற்றிப் போட்டார்கள். உருண்டைகள் ஜல்லியின் இடத்தைப் பிடித்துக்கொண்டதால் கான்கிரீட்டின் வலு குறைந்தது. உயரமான கட்டிடத்தின் தூணுக்கு அந்தக் கலவை ஆகாது. பிறகு வந்த வடிவத்தில் பாலிலாக்டிக் அமிலம் என்ற மக்கும் பொருளே உறையாகவும் உணவாகவும் ஆகிவிட்டது. பொடியாகக் கலவையில் சேர்க்கலாம், வலுவும் பெரிதாகக் குறையாது. டெல்ஃப்டிலிருந்து பிரிந்து தொடங்கப்பட்ட பேசிலிஸ்க் நிறுவனம் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஜப்பானின் ஹொக்கைடோவில் இருக்கும் ஐசாவா கான்கிரீட் நிறுவனம் அதனோடு கைகோத்து அங்கே உற்பத்தியைத் தொடங்கியிருக்கிறது.

இது நெதர்லாந்தில் பிறந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. நாட்டின் பெரும்பகுதி கடல்மட்டத்துக்குக் கீழேயோ அதை ஒட்டியோ இருக்கிறது. எங்கே தோண்டினாலும் நிலத்தடி நீர். சுரங்கப்பாதை, அடித்தள வாகன நிறுத்தம், கழிவுநீர்த் தொட்டி என்று எதைக் கட்டினாலும் வெளியிலிருந்து தண்ணீர் அழுத்திக்கொண்டே இருக்கும். அந்த ஊர்க்காரர்களுக்கு விரிசல் என்றால் முதலில் கசிவுதான். 2011இல் ஏரிக்கரை ஒன்றில் நீச்சல் பாதுகாவலர் நிலையம் ஒன்றை இந்தக் கான்கிரீட்டால் கட்டினார்கள். அது சின்னக் கட்டிடம்தான் என்றாலும், முதல் சோதனைக்கு நீரோரத்தைத் தேர்ந்தெடுத்ததிலேயே இந்தப் பொருளின் இடம் எது என்பது தெரிகிறது.

2014இல் ஈக்வடாரின் ஆண்டிஸ் மலைப்பகுதியில் பாசனக் கால்வாய் ஒன்றின் ஒரு துண்டுக்குப் பாக்டீரியாவும் அபாக்கா என்ற வாழையினத்து நாரும் கலந்த கான்கிரீட்டில் உட்பூச்சு போட்டுப் பார்த்தார்கள். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பொருத்தமான சோதனையாகப் படுகிறது. மலைக் கால்வாயில் ஒவ்வொரு கீறலும் வயலுக்குப் போக வேண்டிய தண்ணீரைக் குடிக்கும். ஆள் போய்ப் பார்த்துப் பூசுவது எளிதல்ல. தண்ணீர் எப்போதும் ஓடுவதால் பாக்டீரியாவுக்குத் தேவையான ஈரத்துக்கும் பஞ்சமில்லை. நார் விரிசலை மெல்லியதாகப் பிடித்து வைக்க, பாக்டீரியா அதை அடைக்கிறது.

பிரிட்டனில் நடந்த சோதனை வேறு மாதிரி. கார்டிஃப், பாத், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்திய 'மெட்டீரியல்ஸ் ஃபார் லைஃப்' திட்டத்தில், 2015இல் தெற்கு வேல்ஸின் ஏ465 நெடுஞ்சாலை விரிவாக்கப் பணியிடத்தில் ஐந்து தடுப்புச்சுவர்ப் பலகைகளை வார்த்தார்கள். ஒன்றில் சோடியம் சிலிகேட் அடைத்த நுண்ணுறைகள். ஒன்றில் பெர்லைட் என்ற துளைகள் நிறைந்த கல்துகள்களில் ஏற்றிய பாக்டீரியா. ஒன்றில் சூடு பட்டால் சுருங்கும் பிளாஸ்டிக் இழைகள். மின்சாரத்தால் சூடேற்றினால் அவை சுருங்கி விரிசலின் இரு உதடுகளையும் நெருக்கிப் பிடிக்கும். பின்னாளில் வெளியிலிருந்து அடைப்புத் திரவத்தைச் செலுத்த மெல்லிய குழல் வழிகளையும் சில பலகைகளுக்குள் விட்டார்கள். ஒப்பிட்டுப் பார்க்கச் சாதாரணப் பலகையும் இருந்தது. பிறகு அவற்றை வேண்டுமென்றே தள்ளி விரிசல் விடவைத்துக் கவனித்தார்கள். ஆய்வுக்கூட நேர்த்தி இல்லாமல், லாரியில் வந்த கான்கிரீட்டை மழையிலும் குளிரிலும் நிஜத் தொழிலாளர்கள் வார்த்தது என்பதே இந்தச் சோதனையின் மதிப்பு. பெல்ஜியத்தில் கென்ட் பல்கலைக்கழகத்தின் நெலே டி பெலி குழுவினர், ஆண்ட்வெர்ப் நகரின் ஊஸ்டர்வேல் சாலை இணைப்புத் திட்டத்தில் ஆட்கள் இறங்கிச் சோதிப்பதற்கான ஒரு நிலத்தடிக் குழியின் கூரைப் பலகைக்குப் பாக்டீரியாக் கான்கிரீட் போட்டிருக்கிறார்கள். ஒருமுறை மண்ணுக்குள் போய்விட்டால் மறுபடி கைவைக்கச் சிரமமான இடம் அது.

பாக்டீரியா இல்லாமலே இதைச் சாதிக்கும் வழி ஒன்று உண்டு. அதற்குச் செய்திகளில் கிடைத்த இடம் குறைவு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் விக்டர் லி உருவாக்கிய ஈசிசி என்ற நார்க்கலவையில் ஜல்லியே இல்லை. பாலிவினைல் ஆல்கஹால் என்ற செயற்கைப் பொருளின் மெல்லிய நார்கள்தான் அதன் உயிர். இழுத்தால் ஒரே பெரிய விரிசலாகப் பிளக்காமல், நூற்றுக்கணக்கான மயிரிழைக் கீறல்களாகப் பிரியும், ஒவ்வொன்றும் 0.06 மி.மீ. அளவுக்குள் நிற்கும். அவ்வளவு மெல்லிய கீறலைச் சாதாரண சிமெண்டே நனைந்து காய்ந்து நனைந்து அடைத்துக்கொள்கிறது. ஜப்பானின் ஹிரோஷிமா அருகே 60 ஆண்டைத் தாண்டிய மிட்டாகா அணையின் முகப்பில் 2003இல் 600 சதுர மீட்டருக்கு 20 மி.மீ. கனத்தில் இதைப் பீய்ச்சிப் பூசினார்கள். 2005இல் மிச்சிகனில் ஐ-94 நெடுஞ்சாலைக்கு மேல் போகும் குரோவ் தெருப் பாலத்தில், கசிந்துகொண்டே இருக்கும் இணைப்பு இடைவெளிக்குப் பதிலாக இந்தக் கலவையில் ஒரு இணைப்புப் பலகை போட்டார்கள். குளிர் நாடுகளில் சாலையில் தூவும் உப்பு, பாலத்தின் இணைப்பு வழியாகத்தான் இறங்கிக் கீழே உள்ள உத்தரங்களையும் தாங்கிகளையும் அரிக்கும். இணைப்பையே எடுத்துவிட்டால் உப்புக்கு வழியில்லை. பாலங்களில் இந்த வகைப் பொருளுக்குச் சரியான இடம் இப்படிப்பட்ட குறிப்பிட்ட பகுதிகள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. பாலம் முழுவதையும் இதில் வார்ப்பதற்கு ஒரு நியாயமும் இல்லை.

இன்றைக்கு உலகெங்கும் அதிகம் போடப்படுவது இவை இரண்டும்கூட இல்லை. படிகமாக வளரும் கலப்புப் பொடிதான். சிமெண்ட் எடையில் சுமார் 1 சதவீதம் சேர்ப்பார்கள். தண்ணீர் பட்டால் அது சிமெண்டின் சுண்ணாம்போடு வினைபுரிந்து, துளைகளிலும் கீறல்களிலும் கரையாத படிகங்களை வளர்க்கும். தண்ணீர்த் தொட்டிகள், அடித்தளங்கள், சுரங்கப்பாதைகள், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் என்று பல பத்தாண்டுகளாகச் சத்தமில்லாமல் வேலை செய்துகொண்டிருக்கிறது. ஒப்பந்தக்காரர் இதை 'வாட்டர்ப்ரூஃபிங்' கணக்கில்தான் எழுதுவார். மிலான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் லிபெராட்டோ ஃபெராரா போன்றவர்கள் இந்தப் பொடியையும் உயர்வலுக் கான்கிரீட்டையும் சேர்த்து இத்தாலியில் புவிவெப்ப மின்நிலையத்தின் குளிர்விப்பு நீர்த் தொட்டி வரை கொண்டுபோயிருக்கிறார்கள்.

பணக்கணக்குக்கு வருவோம். சுயமாக அடைக்கும் கலவை சாதாரணக் கான்கிரீட்டைவிட விலை கூடுதல். பாக்டீரியா வகையில் அந்தக் கூடுதல் கணிசமானது. ஆனால் ஒரு கன மீட்டரின் விலையை மட்டும் பார்த்தால் கணக்கு தவறிவிடும். தண்ணீர்த் தொட்டியின் சுவரில் இருக்கும் கம்பியில் பெரும்பங்கு சுமை தாங்குவதற்காகப் போட்டது அல்ல. கான்கிரீட் ஆறும்போதும் சுருங்கும்போதும் வரும் விரிசலை 0.2 மி.மீ.க்குள் அடக்கி வைப்பதற்காகவே போட்டது. 0.4 மி.மீ. விரிசலும் தானாக அடைந்துவிடும் என்று நிரூபித்துக் காட்டினால், அந்த அடக்குக் கம்பியில் ஒரு பகுதியைக் குறைக்கலாம். இரும்பு மிச்சம், கம்பி கட்டும் கூலி மிச்சம், நெருக்கமான கம்பிகளுக்கு நடுவே கான்கிரீட்டை இறக்கும் பாடும் மிச்சம். இரும்பு உருவாக்கத்தில் வெளியாகும் கரியமில வாயுவும் குறையும். என் கணிப்பில், இந்தத் தொழில்நுட்பத்தைப் பொதுக் கட்டுமானத்துக்குள் கொண்டுவரப்போவது இந்தக் கம்பிச் சேமிப்புதான். 'ஆயுள் கூடும்' என்ற வாக்குறுதியை 40 ஆண்டு கழித்துத்தான் சரிபார்க்க முடியும். கம்பி எடையை அன்றைக்கே தராசில் பார்த்துவிடலாம்.

ஏற்கெனவே கட்டி முடித்தவற்றுக்கும் வழி இருக்கிறது. உலகில் இருக்கும் கான்கிரீட்டில் மிகப் பெரும்பகுதி பழையதுதானே. நெதர்லாந்தில் வாகன நிறுத்தங்களின் ஒழுகும் தளங்களில் பாக்டீரியாவும் உணவும் சிலிகேட்டும் கலந்த திரவத்தைத் தெளித்து விரிசலுக்குள் இறக்குகிறார்கள். மேலே தார்ப்படலம் ஒட்டுவதைவிட இது சுலபம். தளத்தை உடைக்க வேண்டியதும் இல்லை.

இனி, எங்கே போடக்கூடாது என்பதையும் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். தண்ணீரே படாத இடத்தில் இவற்றில் பெரும்பாலானவை வேலை செய்யாது. வீட்டுக்குள் இருக்கும் உத்தரத்துக்கோ, மழை எட்டாத தூணுக்கோ இதைப் போடுவது வீண்செலவு. வண்டி போகும்போதெல்லாம் திறந்து மூடும் விரிசலில், படிந்த கார்பனேட் மறுபடி மறுபடி உடையும், ஏனென்றால் அது நொறுங்கும் பொருள். அழுத்தத்தோடு தண்ணீர் பீறிடும் இடத்தில் படிவதற்கு முன்பே அடித்துக்கொண்டு போய்விடும். 1 மி.மீ. அகலத்தைத் தாண்டிய பிளவு என்றால் அதன் காரணத்தைத்தான் தேட வேண்டும்: அஸ்திவாரம் இறங்கியதா, சுமை கூடியதா, கம்பி குறைந்ததா? முக்கியமாக, ஏற்கெனவே கம்பி துருப்பிடித்து அதனால் வந்த விரிசலை எந்தப் பாக்டீரியாவும் தீர்க்காது. உள்ளே துரு உப்பிக்கொண்டே இருக்க, வெளியே அடைப்பது அடையாளத்தை மறைக்கும் காரியமாகிவிடும். விரிசல் என்பது ஆய்வு செய்யும் பொறியாளருக்குக் கட்டுமானம் தரும் தகவல். அதை மூடி மறைத்துவிட்டால் ஆபத்து கூடும். எனவே 'தானே சரியாகிவிடும்' என்ற பேச்சைக் காரணம் காட்டி ஆய்வுப் பணியைக் குறைப்பதை ஒருபோதும் ஏற்கக்கூடாது.

இதெல்லாம் தெரிந்தும் பரவல் ஏன் மெதுவாக இருக்கிறது? பொதுப்பணியில் கட்டுபவர் ஒருவர், பராமரிப்பவர் இன்னொருவர். குறைந்த விலைக்கு ஒப்பந்தம் எடுத்தவருக்குப் பத்தாண்டு கழித்து வரும் கசிவு பற்றி என்ன கவலை? நெதர்லாந்தில் பெரிய சாலை, சுரங்கப்பாதைத் திட்டங்களில் வடிவமைப்பு, கட்டுமானம், நிதி, பல ஆண்டுப் பராமரிப்பு எல்லாவற்றையும் ஒரே ஒப்பந்தத்தில் கட்டிப் பார்த்திருக்கிறார்கள். கசிவைச் சரிசெய்யும் செலவு தன் பையிலிருந்தே போகும் என்று தெரிந்த நிறுவனம், கொஞ்சம் விலை கூடிய கலவையைத் தானாகவே கணக்கில் எடுக்கும். நம் நாட்டில் நெடுஞ்சாலைகளுக்கு இருக்கும் நீண்டகாலப் பராமரிப்பு ஒப்பந்தங்களிலும் இந்தத் தர்க்கம் பொருந்தும். குடிநீர்த் தொட்டிகளுக்கும் கழிவுநீர் நிலையங்களுக்கும் அப்படிப்பட்ட ஒப்பந்தம் இன்னும் அவசியம்.

இன்னொரு தடை விதிநூல். அடைக்கும் திறனை எப்படிச் சோதிப்பது என்பதற்கு எல்லா நாடும் ஏற்ற ஒரே முறை இல்லாமல்தான் இந்தத் துறை வளர்ந்தது. ஒருவர் நுண்ணோக்கியில் விரிசல் மூடியதைக் காட்டுவார், இன்னொருவர் தண்ணீர் எவ்வளவு கசிகிறது என்று அளப்பார். வாய் மூடிக்கொண்டு உள்ளே திறந்தே இருக்கும் விரிசலுக்கு முதல் சோதனையில் நல்ல மதிப்பெண் கிடைத்துவிடும். ஐரோப்பாவில் 'சார்கோஸ்' என்ற கூட்டு முயற்சியில் பல ஆய்வுக்கூடங்கள் ஒரே சோதனையைத் தனித்தனியே செய்து ஒப்பிட்டுப் பார்த்தது இந்தக் குழப்பத்தைக் குறைக்கத்தான்.

அதுவரை ஒரு நகராட்சியோ குடிநீர் வாரியமோ இதை வாங்க நினைத்தால், ஒப்பந்தப் புள்ளியில் பொருளின் பெயரை எழுதுவதைவிடத் தேவையை எழுதுவது நல்லது: நம் ஊர் சிமெண்டில், நம் ஊர்த் தண்ணீரில் வார்த்த மாதிரி; அதில் 0.3, 0.4 மி.மீ. அகலத்தில் உண்டாக்கிய விரிசல். தொட்டியில் இருக்கப்போகும் அளவு நீரழுத்தம். 28 நாளிலும் மூன்று மாதத்திலும் எவ்வளவு கசிவு மிச்சமிருக்கிறது என்ற அளவு. பொடி போடாத மாதிரியோடு ஒப்பீடு. கட்டி முடித்ததும் தொட்டியை நிரப்பி நீர்மட்டம் இறங்குகிறதா என்று பார்க்கும் சோதனை எப்படியும் நடக்கும். அதே சோதனையை இரண்டாம் ஆண்டிலும் ஐந்தாம் ஆண்டிலும் ஒப்பந்தக்காரர் செலவிலேயே நடத்த வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால், எந்தப் பொடி வேலை செய்கிறது என்பதை விற்பவரே முன்கூட்டிப் பார்த்துவிடுவார்.